அணைச்சேனா, அணைக்கலையா?

போன ஐப்பசியில் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்கு. ஒன்பது மணி முகூர்த்தம். விடியற்காலையில் எழுந்து, குளித்து, அவருடைய சட்டையையும் என் ரவிக்கையையும் அவசர அவசரமாக இஸ்திரி போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்சியில் பஸ் ஏறினோம். நல்லவேளையாக ஜன்னலோர இடம். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் திருவெறும்பூரைத் தாண்டியிருக்கும். திடீரென்று வயிற்றுக்குள் பகீர் என்றது.

“என்னங்க... அயர்ன் பாக்ஸை அணைச்சேனா?”

“என்னைக் கேட்டா? நீதானே போட்டே?”

“அணைச்ச மாதிரியும் இருக்கு, அணைக்காத மாதிரியும் இருக்கே!”

“ஒவ்வொரு தடவையும் உனக்கு இதே பாட்டுத்தான். போன தடவை கேஸு, இந்தத் தடவை அயர்னு.”

பின் சீட்டு அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, “எனக்கும் இப்படித்தாம்மா. பழனிக்குப் போனப்போ பாதிப் படியிலே வந்துது இந்தச் சந்தேகம். சாமியைப் பார்த்தேனா, ஸ்விட்சைப் பார்த்தேனான்னே தெரியலே” என்று ஆறுதல் சொன்னார்.

துவாக்குடியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அட்சதை போட்டேன், எல்லாரையும் விசாரித்தேன், பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் அசோகா அல்வா வைத்தார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மனசெல்லாம் எங்கள் வீட்டு மர அலமாரிப் பக்கத்தில் புகைந்துகொண்டிருந்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து ஓடிப் போய்ப் பார்த்தால், பெட்டி ஜில்லென்று, ஒயர் அழகாகச் சுற்றப்பட்டு, ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கிறது! சுற்றி வைத்தது யார்? சாட்சாத் நானேதான்!

சிரிக்காதீர்கள் சகோதரிகளே. தெருமுனை வரை போய், ஆட்டோவைத் திருப்பச் சொன்னவர்கள் உங்களிலும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

இது மறதி இல்லை. நான் அணைத்திருக்கிறேன், அணைத்ததுதான் நினைவில் இல்லை. சாம்பார் கொதிக்கும்போது, ‘உப்புப் போட்டோமா?’ என்று நமக்கு வருகிறதே, அதே சங்கதிதான். பழகின வேலையைக் கை பார்த்துக்கொள்கிறது. மனசு அந்த நேரத்தில் பூக்காரி வந்தாளா, மொய்க் கவர் எடுத்தோமா என்று வேறு எங்கோ இருக்கிறது. மனசு கவனிக்காததை ஞாபகமும் எழுதி வைப்பதில்லை. அது போதாதென்று, ஆயிரம் தடவை செய்த வேலை என்பதால், இன்றைக்கு அணைத்ததும் நேற்று அணைத்ததும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கலங்கிவிடுகிறது. உப்பையாவது நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு ஸ்விட்சை எப்படி ருசி பார்ப்பது?

நிஜமாகவே அணைக்காமல் விட்டுவிடுவது வேறு. அதுதான் ஆபத்து. அதற்கு என் அக்கா மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டில் இருக்கிறாள். முதல் குழந்தைக்கு அப்போது நாலு மாதம். ராத்திரி முழுக்கக் குழந்தை விழித்திருக்கும், பகலில் இவள் வேலை பார்க்கணும். ஒரு நாள் பதினோரு மணி சுமாருக்கு முன் அறைக் கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டுக் குழந்தையின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் போயிற்று. அதே நேரம் உள் அறையில் குழந்தை அழுதது. கரண்ட்தான் இல்லையே என்று பெட்டியைப் போர்வைமேல் அப்படியே படுக்கப்போட்டு விட்டுப் போனாள். பால் கொடுக்கப் படுத்தவள், குழந்தையோடு தானும் கண்ணயர்ந்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் வந்திருக்கிறது. ரேஷன் கடைக்குப் போயிருந்த மாமியார் திரும்பி வந்து, கேட் அருகிலேயே தீய்ந்த வாடையைப் பிடித்து, ஓடி வந்து முதலில் மெயினை அணைத்தார். பாராட்ட வேண்டிய அம்மாள். பலர் அந்த நேரத்தில் குடத்துத் தண்ணீரைத்தான் முதலில் எடுப்பார்கள்! போர்வை, விரிப்பு, மெத்தை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு பெட்டி உள்ளே இறங்கியிருந்தது. தண்ணீர் விட்டு அணைத்து, மெத்தையைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தார்கள். ஆயிற்று என்றுதான் நினைத்தார்கள். நாலு மணிக்கு அதே மெத்தையிலிருந்து மறுபடி புகை! இலவம்பஞ்சு லேசில் தண்ணீரைக் குடிக்காது. மேலே நனைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கடைசியில் திறந்தவெளிக்கு இழுத்துப் போய், உறையைக் கிழித்துப் பஞ்சைப் பிரித்து, பிரித்துத் தண்ணீர் விட்டார்கள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் வீட்டில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? “ஒரு பொட்டியை அணைக்கத் தெரியலையா?” என்று அவள் கணவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதாள்.

“சித்தி, எனக்கு மூளை கெட்டுப் போச்சா? குழந்தையையே எங்கேயாவது மறந்து வச்சிட்டு வந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அவள் மூளையில் ஒரு கோளாறும் இல்லை. ‘நான் எரிகிறேன்’ என்று சொல்ல அந்தப் பெட்டிக்கு இரண்டே வழிதான் உண்டு: சூடும் சிவப்பு விளக்கும். கரண்ட் போனபோது விளக்கு அணைந்தது, சூடும் ஆறத் தொடங்கியது. கண்ணுக்கும் கைக்கும் அது அணைந்த பெட்டிதான். அதோடு நாலு மாதமாகத் தூக்கமில்லை. இந்த நிலையில் யாராக இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் போவார்கள், அவள் கணவர் உட்பட!

கரண்ட் போனால்...

நம் வீடுகளில் இந்த மாதிரி விபத்துக்குப் பாதி காரணம் கரண்ட் போய் வருவதுதான் என்பது என் எண்ணம். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அப்போது கரண்ட் போனதும் ஓடிப்போய் எல்லா ஸ்விட்சையும் அணைக்கிற பழக்கம் தானாக வந்திருந்தது. பிறகு கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் பழக்கம் போய்விட்டது. இன்வெர்ட்டர் வேறு வந்துவிட்டது. விளக்கும் ஃபேனும் நிற்காததால் கரண்ட் போனதே பல சமயம் தெரிவதில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டி, கீஸர், மோட்டார், மிக்ஸி எல்லாம் பெரும்பாலும் இன்வெர்ட்டரில் சேராதவை. அவை பாட்டுக்கு நின்று, கரண்ட் வந்ததும் அவை பாட்டுக்குக் கிளம்பும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது இப்படி ஆயிற்று. மிக்ஸி நின்றது. நிற்கிறதே என்று மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் ஓரத்தில் ஒட்டியதை வழித்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தது! சட்னி சுவரெல்லாம், கரண்டி ஒரு மூலையில். விரலுக்கு ஒன்றும் ஆகாதது அவர் செய்த புண்ணியம். மூடி திறந்திருந்தாலும் ஓடுகிற மிக்ஸிகள்தான் நம் வீடுகளில் நிறைய. நின்றால் முதலில் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, ஸ்விட்சையும் அணைத்து, அப்புறம் மூடியில் கை வையுங்கள்.

ஆகவே ஒரே ஒரு பழக்கம். கரண்ட் போனதும் உங்கள் கை எந்தச் சாமானில் இருந்ததோ, அதன் ஸ்விட்சுக்குக் கை போகட்டும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது எல்லாம் அதற்கப்புறம்.

விளக்கை நம்பாதீர்கள்

இஸ்திரிப் பெட்டியின் சின்ன விளக்கு அணைந்திருந்தால், பெட்டி அணைந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. பெட்டி வேண்டிய சூட்டுக்கு வந்ததும் உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தும், விளக்கும் அணையும். சூடு குறைந்ததும் மறுபடி எரியும். நீங்கள் எட்டிப் பார்த்த நேரம் அது அணைந்திருக்கிற நேரமாக இருந்தால் ஏமாந்து போவீர்கள். கீஸரிலும் ‘சூடாகிறது’ என்று காட்டுகிற விளக்கு இப்படித்தான். விளக்கைப் பார்க்காதீர்கள், சுவரில் ஸ்விட்சைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியானால் பிளக்கையே பிடுங்கி வைப்பதுதான் சிலாக்கியம். எத்தனை அவசரமானாலும் பெட்டியைப் படுக்கப்போடாதீர்கள், நிமிர்த்தியே வையுங்கள். கட்டிலில் இஸ்திரி போடுகிற வழக்கத்தை விட்டுவிட்டால் இன்னும் நல்லது. என் அக்கா மகள் இப்போது மேஜையில்தான் போடுகிறாள்.

அரிசி வேகவைக்கிற எலெக்ட்ரிக் குக்கர் டக்கென்று சத்தம் போட்டதும் அணைந்துவிட்டது என்று எண்ணம். அது அணையாது, பெரும்பாலான குக்கர்கள் சோற்றைச் சூடாக வைக்கிற நிலைக்கு மாறுகின்றன, அவ்வளவுதான். சாயந்திரம் வரை விட்டால் அடியில் சோறு காய்ந்து வறட்டியாகிவிடும். தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் பெரும்பாலும் தானே நின்றுவிடும், ஆனால் மூடியைச் சரியாக மூடியிருக்க வேண்டும். ஆவி உள்ளே இருக்கிற சின்ன வழியாகப் போய்த்தான் அதை நிறுத்துகிறது. மூடி திறந்திருந்தால் கொதித்துக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது, வாளியில் மாட்டுகிற ஹீட்டர் கம்பி. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் சக்தி. சாதாரணக் கம்பிகளில் சூடு ஏறியதும் தானே நிறுத்துகிற தெர்மோஸ்டாட் கிடையாது. மறந்து போனால் தண்ணீர் கொதித்து வற்றும், கம்பி வெளியே தெரியும், பிளாஸ்டிக் வாளி உருகும். அதைவிடப் பயங்கரம், சூடாகிவிட்டதா என்று வாளிக்குள் விரலை விட்டுப் பார்ப்பது. கம்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் போதும், தண்ணீரே ஷாக் அடிக்கும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் பொறுத்துக் கம்பியை எடுத்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். போடும்போதும் தண்ணீருக்குள் இறக்கிய பிறகுதான் ஸ்விட்ச். தவழ்கிற, நடக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இந்தக் கம்பி வேண்டவே வேண்டாம் என்பேன். அடுப்பில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

“எங்க வீட்டிலே டிரிப் ஆகிற ஸ்விட்ச் மாட்டியிருக்கே” என்பார்கள் சிலர். நல்லதுதான், கட்டாயம் வேண்டும். வீடுகளில் போடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கரண்ட் கசிந்து உடம்பு வழியாகப் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும், உயிரைக் காக்கும். எம்.சி.பி., அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ ஒயர்கள் ஒட்டிக்கொண்டாலோ நிறுத்தும். ஆனால் மெத்தைமேல் கிடக்கிற இஸ்திரிப் பெட்டி கசியவும் இல்லை, அதிகம் இழுக்கவும் இல்லை. அதன் வேலையை அது ஒழுங்காகத்தான் செய்கிறது! நாம் மறந்தது அந்த ஸ்விட்சுகளுக்குத் தெரியாது.

கரண்ட் செலவு பற்றி ஒரு வார்த்தை. செல்போன் சார்ஜரை அணைக்கவில்லை என்று வீட்டில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சும்மா மாட்டியிருக்கிற சார்ஜர் இழுப்பது மிகச் சொற்பம். ஆளில்லாத அறையில் ஓடுகிற 75 வாட்ஸ் பழைய ஃபேன் பதின்மூன்று மணி நேரத்தில் ஒரு யூனிட் தின்னும். 2000 வாட்ஸ் கீஸர் சூடேறுகிற அரை மணியிலேயே அதைத் தின்றுவிடும், பிறகும் ஆற ஆறச் சுட வைத்துக்கொண்டே இருக்கும். அதட்டுவதானால் கீஸருக்காக அதட்டுங்கள். சார்ஜரையும் அணைக்கத்தான் வேண்டும், அது காசுக்காக அல்ல. தொங்குகிற ஒயர் நுனியைக் குழந்தை வாயில் வைக்கும்.

முந்தானை முடிச்சு

என் பாட்டி எதையாவது மறக்கக் கூடாது என்றால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் அவிழ்ப்பார். முடிச்சு ஒன்றும் பேசாது. ஆனால் உடம்போடு கூடவே வரும், கையில் இடறிக்கொண்டே இருக்கும். இதைவிடச் சிறந்த உபாயத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நைட்டிக்கு முந்தானை ஏது என்கிறீர்களா? துணிக் கொடியில் மாட்டுகிற கிளிப் ஒன்றை மோட்டார் ஸ்விட்ச் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். மோட்டார் போட்டதும் கிளிப் என் தோளுக்கு வந்துவிடும். மோட்டாரை அணைத்தால்தான் அது திரும்பிப் போகும். ஒரு நாள் கிளிப்போடு கதவைத் திறந்து தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டேன், போகட்டும். மாடித் தொட்டி வழிந்து, எதிர் வீட்டிலிருந்து, “தண்ணி போகுதுங்க!” என்று குரல் கேட்பது நின்றுவிட்டது. சம்ப்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் வெறுமனே ஓடினால் சீக்கிரமே கெட்டுப் போகும், காயில் சுற்றுகிற செலவு உங்களுக்கே தெரியும்.

பால் வைத்துவிட்டு அடுப்படியை விட்டு நகர வேண்டியிருந்தால், கரண்டி கையிலேயே இருக்கட்டும். கூடத்தில் உட்கார்ந்து போன் பேசினாலும் மடியில் கரண்டி கிடக்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பால் ஞாபகம் வரும். போனிலேயே அலாரம் வைக்கலாம், தாராளமாக வையுங்கள். எனக்கென்னவோ, அலாரத்தை அணைத்துவிட்டு, ‘இதோ போறேன்’ என்று இன்னும் இரண்டு வார்த்தை பேசுகிற பழக்கம்! கரண்டியை அப்படி அணைக்க முடியாது. வசதி இருந்தால் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற கருவி மாட்டிக்கொள்ளுங்கள். தானே அணைகிற இஸ்திரிப் பெட்டியும் கிடைக்கிறது. நினைவை நம்பாத வீடே பத்திரமான வீடு.

இனி, அணைத்த பிறகு வருகிற அந்தப் பாழும் சந்தேகத்துக்கு மருந்து. ஜப்பான் நாட்டு ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைப் பார்த்ததும் விரலை நீட்டிக் காட்டி, அது என்ன என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 1994-ல் அந்த நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துப் பார்த்ததில், சும்மா செய்தபோது நூற்றுக்கு 2.38 தவறு, விரல் காட்டி, வாயால் சொல்லிச் செய்தபோது 0.38 மட்டும்தான்! கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்துவிடுவதால் மனசு வேறு எங்கும் ஓட முடிவதில்லை. நான் இதில் ஒன்று சேர்த்துக்கொண்டேன். தினமும் ஒரே மாதிரி, “அயர்ன் ஆஃப்” என்று சொன்னால் நேற்றுச் சொன்னதோடு கலந்துவிடும் அல்லவா? அதனால், “வெள்ளிக்கிழமை, பச்சைப் புடவை, அயர்ன் ஆஃப்” என்பேன். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் என் குரலே எனக்குக் கேட்கிறது. வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஸ்விட்சைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் அதில் இருக்கும்.

ஆனால் ஒன்று. ஒரு தடவை பார்த்தால் போதும். இன்னொரு தடவை, மற்றொரு தடவை என்று கதவருகிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் தீரும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. நெதர்லாந்து நாட்டு மனநல ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கம்ப்யூட்டர் திரையில் கேஸ் அடுப்பு ஒன்றைக் காட்டி, திருகுகளை மூடித் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்கு நினைவு தப்பவில்லை. சரியாகவே பதில் சொன்னார்கள். ஆனால் ‘என் நினைவு சரிதானா?’ என்கிற நம்பிக்கைதான் குறைந்துபோயிற்று! காட்சியும் மங்கலாகிவிட்டதாம். பத்துத் தடவை பார்க்கிறவருக்குப் பதினோராவது தடவையும் போதாது என்பது இதனால்தான்.

சிலருக்கு இது கட்டுக்கடங்காமல் போகும். பூட்டிய வீட்டைத் திறந்து திறந்து பார்ப்பது, பார்க்காவிட்டால் மூச்சு முட்டுவது, இதனாலேயே வெளியே போவதை நிறுத்திக்கொள்வது என்று வளரும். பிரசவத்துக்குப் பிறகு இது புதிதாகத் தலைகாட்டுவதும், இருந்தது அதிகமாவதும் உண்டு. இது பைத்தியமும் அல்ல, கெட்ட குணமும் அல்ல. சிகிச்சையால் நன்றாகக் குறைகிற நோய். மனநல மருத்துவரிடம் போக வெட்கப்பட வேண்டாம். அதேபோல், கைக்குழந்தைக்காரிகளுக்கு மறதியோடு தாங்க முடியாத அசதி, முடி கொட்டுதல், மனசு சோர்ந்து போதல் எல்லாம் சேர்ந்தால் ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டில் வயசானவர்கள் அடுப்பை அடிக்கடி மறக்கிறார்கள், பழகின தெருவில் வழி தடுமாறுகிறார்கள் என்றால், திட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ஈரோட்டு விஷயத்துக்கு வருகிறேன். மறு வாரம் நான் போயிருந்தபோது அந்த மாமியாரும் நானும் அவள் கணவரை உட்கார வைத்துப் பேசினோம். “தம்பி, நாலு மாசமா நீங்க ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மாமியார்தான், “இவன் கைக்குழந்தையா இருக்கிறப்போ நான் அடுப்பிலே பருப்பை வச்சிட்டு, கதவைப் பூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்மா. இவங்கப்பா பூட்டை உடைச்சாரு” என்றார். அந்தப் பிள்ளைக்கு அது அதுவரை தெரியாதாம்! அன்றிலிருந்து அந்த வீட்டில், போட்டவர்தான் அணைக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. அடுப்பு, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர், கீஸர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி. ஐந்தே இடம். இவள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். நம் வீடுகளில் எல்லா ஸ்விட்சும் ஒரு பெண்ணின் தலைக்குள்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்?

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் எந்த ஸ்விட்சையும் அணைக்கக் கூடாது. வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கேஸ் வாடை அடித்தால், ஃபேன் ஓடினாலும் ஓடட்டும், விளக்கு எரிந்தாலும் எரியட்டும், தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஸ்விட்சில் கிளம்புகிற சின்னப் பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லாரையும் வெளியே அழைத்து வந்து, வெளியே நின்றுகொண்டு 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற அவசர எண் அது.

நாலைந்து நாள் ஊருக்குப் போகிறபோது மெயினையே அணைத்துவிடுவது உத்தமம். இன்வெர்ட்டர் இருக்கிற வீடானால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மெயின் போனதும் அது கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் மறந்த விளக்கை பாட்டரி தீரும் வரை எரிய வைக்கும்.

எங்கள் தெரு மாமி ஒருவர் காசிக்குப் போகும்போது, நான் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்துவிட்டுப் போனார். விரல் காட்டினார், வாய்விட்டுச் சொன்னார், மெயினை அணைத்தார். பதினோரு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. ஃபிரிட்ஜுக்குள் ஒரு சட்டி இட்லி மாவு, அரை லிட்டர் பால், மூடிய கதவு! மூன்று நாள் எலுமிச்சம்பழமும் சோடா உப்புமாகத் தேய்த்தோம். மெயினை அணைப்பதானால் முதல் நாளே ஃபிரிட்ஜைக் காலி செய்து, ஈரம் போகத் துடைத்து, கதவு இடுக்கில் ஒரு துணியை மடித்துச் செருகி, திறந்தாற்போல் விட்டுவிட்டுப் போங்கள்.